வீட்டிலேயே கலர் நெகடிவ் கழுவ: ரோலுக்கு எவ்வளவு குறைக்கலாம்?

மேகமூட்டம்200:

வணக்கம். கறுப்பு-வெள்ளை வீட்டிலேயே கழுவிப் பழக்கம் உண்டு. வெளிச்சம் புகாத பாட்டர்சன் டேங்க், ஃபிலிமைச் சுற்றும் இரண்டு ரீல், இருட்டில் ஃபிலிம் ஏற்றும் சேஞ்சிங் பேக், அளவு ஜாடிகள் கையில் இருக்கின்றன. கலர் ரோல் மட்டும் இன்னும் கூரியரில் வெளியூர் லேபுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் கூட்டினால் 36 படத்துக்கு ஆகும் காசு கட்டுப்படியாகவில்லை.

மாதம் 3 அல்லது 4 ரோல். ஊர் மதுரை. போர் தண்ணீர், டிடிஎஸ் 1000-க்குக் குறையாது.

ஒரு லிட்டர் சி-41 (கலர் நெகடிவ் கழுவும் முறை) கிட்டில் 8 ரோல் என்று தாளில் இருக்கிறது, 16 வரை போகலாம் என்று பலர் சொல்கிறார்கள். எதை நம்புவது? 38 டிகிரியைப் பிடித்து வைக்க பக்கெட்டும் ஹீட்டர் ராடும் போதுமா? ப்ளிக்ஸ் (ப்ளீச்சும் ஃபிக்ஸரும் கலந்த ஒரே கரைசல்) உள்ள கிட் மலிவு. ப்ளீச்சும் ஃபிக்ஸரும் தனித்தனியாக வரும் கிட் விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசு தகுமா? பொடி வாங்கி நாமே டெவலப்பர் கலந்தால் மிச்சமா?

துளிக்கணக்கு:

கணக்கிலிருந்து தொடங்குவோம். கிட் 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ரோலோடு கொட்டினால் ரோலுக்கு 437 ரூபாய். 12 கழுவினால் 292. 16 என்றால் 219. அதாவது 8-லிருந்து 12-க்குப் போனால் ரோலுக்கு 145 ரூபாய் மிச்சம். அதற்கு மேல் 16-க்குப் போனால் இன்னும் 73 ரூபாய்தான். கடைசி நாலு ரோலில்தான் நிறம் கெடும் வாய்ப்பு அதிகம். அந்த 73 ரூபாய்க்காக ரோலைப் பணயம் வைக்கத் தேவையில்லை. நான் 12 கட்சி. கல்யாணம், குழந்தை என்று திரும்ப எடுக்க முடியாத படம் உள்ள ரோலை முதல் நாலுக்குள் கழுவிவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு உண்மையான சிக்கல் ரோல் எண்ணிக்கையில் இல்லை, நாளில் இருக்கிறது. கலர் டெவலப்பரைக் கெடுப்பது காற்று. கலந்து வைத்த டெவலப்பர் பாதி பாட்டிலில் கிடந்தால், ஃபிலிமே படாவிட்டாலும் சில வாரங்களில் செத்துப்போகும். மாதம் 4 ரோல் வீதம் 12 ரோல் முடிய மூன்று மாதம் ஆகும். அதுவரை அது தாங்காது. அதனால் எடுத்து முடித்த ரோல்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் சேர்த்து வையுங்கள். 10, 12 சேர்ந்ததும் கிட்டைக் கலந்து, இரண்டு வாரத்துக்குள் மொத்தத்தையும் கழுவி முடித்துவிடுங்கள். மூன்று மாதம் ஃபிரிட்ஜில் இருப்பதால் ரோலுக்கு ஒன்றும் ஆகாது. எடுக்கும்போது மட்டும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். மதுரை வெயிலில் குளிர்ந்த ரோலை உடனே திறந்தால் ஃபிலிம் மேல் நீர் கோத்துக்கொள்ளும், ரீலில் ஏறவே ஏறாது.

சி-41-ல் ஒரு வசதி உண்டு: எந்தக் கம்பெனி ஃபிலிமாக இருந்தாலும், 100 ஆனாலும் 800 ஆனாலும், டெவலப்பர் நேரம் ஒன்றுதான். கோல்டு 200-ம் போர்ட்ரா 400-ம் ஒரே டேங்கில் போகலாம். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 கறுப்பு-வெள்ளை என்றாலும் இதே ரசாயனத்தில்தான் கழுவ வேண்டும். எண்ணிக்கையை நிரப்ப அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேரம் கூட்டுவது: கழுவிய ஒவ்வொரு ரோலுக்கும் 2 சதவீதம் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. 3 நிமிடம் 15 விநாடி என்றால் 195 விநாடி, அதில் 2 சதவீதம் ஏறக்குறைய 4 விநாடி. ஒன்பதாவது ரோலுக்கு முன்னே எட்டு ஓடியிருக்கும். 32 விநாடி கூட்டி 3:47. உங்கள் கிட் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். பாட்டில் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கலந்த தேதியையும் ஒவ்வொரு ரோலுக்கு ஒரு கோடும் போட்டு வையுங்கள். எத்தனை ரோல் ஆச்சு என்று மூன்றாவது நாளே மறந்துபோகும்.

பாட்டில்: அகலமான பிளாஸ்டிக் ஜாடி வேண்டாம். கூல்டிரிங்க்ஸ் வரும் பெட் பாட்டில் காற்றை நன்றாகத் தடுக்கும். பால்வெள்ளை நிறத்தில் வரும் மெத்தென்ற கேன் தடுக்காது. பெட் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி, மிச்ச இடத்தைப் பக்கவாட்டில் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடலாம். கண்ணாடி பாட்டில் என்றால் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை ஏற்றலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலே கூடாது. லேபிளைக் கிழித்துவிட்டாலும் பாட்டிலின் வடிவம் அவர்களுக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி லேப் பழுப்புப் பாட்டிலும் பூட்டுள்ள அலமாரியும்தான் அந்த வீட்டுக்குச் சரி.

திரவக் கிட்டுக்கும் பொடிக் கிட்டுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம். திரவமாக வரும் ஏ, பி, சி பாகங்களை சிரிஞ்சில் அளந்து பாதியோ 60 சதவீதமோ மட்டும் கலந்துகொள்ளலாம். இரண்டு 35 மி.மீ. ரீலுக்கு உங்கள் டேங்க் 580 மி.லி. கேட்கும், 600 கலந்தால் போதும், மிச்சக் கான்சன்ட்ரேட் காற்றில்லாமல் மூடிக் கிடக்கும். பொடிப் பையைப் பிரிக்கக் கூடாது. வெவ்வேறு பொடிகள் ஒரே பையில் இருக்கும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே கலவையாக இருக்காது. உங்களைப் போல் குறைவாக எடுப்பவருக்குத் திரவக் கிட்தான் லாபம், விலை கொஞ்சம் கூடினாலும்.

பழைய மினிலேப்:

சூடு பற்றி நான் சொல்கிறேன். 38 என்ற எண்ணைப் பார்த்தே பலர் ஓடிவிடுகிறார்கள். சரியான இலக்கு 37.8 டிகிரி, லேபில் அதிலிருந்து கால் டிகிரிகூட விலகவிடமாட்டோம். ஆனால் அந்தக் கண்டிப்பு டெவலப்பர் ஓடும் 3¼ நிமிடத்துக்கு மட்டும்தான். ப்ளிக்ஸ், அலசல் எல்லாம் 35-லிருந்து 40 வரை எங்கே இருந்தாலும் குடி முழுகாது. அந்த மூன்றே கால் நிமிடத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹீட்டர் வாங்குவது முதல் நாள் வேலை இல்லை.

மீன் விற்பவர்கள் பயன்படுத்தும் தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். 15, 20 லிட்டர் தண்ணீரை 39 டிகிரிக்குக் கலந்து ஊற்றுங்கள். அறையே 31, 32-ல் இருக்கும் ஊரில் அந்தத் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். டெவலப்பர் பாட்டில், ப்ளிக்ஸ் பாட்டில், அலசத் தண்ணீர் எல்லாம் அதில் அரைமணி நேரம் நிற்கட்டும். டெவலப்பர் 38-க்குக் கொஞ்சம் மேலே, 38.3 அளவில் இருக்கும்போது தொடங்கலாம். ஒரு கெட்டில் வெந்நீர் பக்கத்தில் இருந்தால் இடையில் கூட்டிக்கொள்ளலாம்.

ஹீட்டர் ராட் பற்றிக் கேட்டீர்கள். தண்ணீரைச் சுட வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். பிளக்கை உருவி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் கையோ டேங்கோ தண்ணீரில் போக வேண்டும். மின்சாரம் ஓடும்போது பெட்டிக்குள் கைவிட்டு டேங்கைக் கவிழ்ப்பது உயிருக்கு ஆபத்து, கன்ட்ரோலர் மாட்டியிருந்தாலும் சரி. கன்ட்ரோலர் வைத்தாலும் ராட் அணைந்த பிறகு அதன் சூடு ஒன்றிரண்டு டிகிரி மேலே தள்ளும். மீன்தொட்டி ஹீட்டர் பாதுகாப்பானது, ஆனால் பெரும்பாலானவை 32, 34-க்கு மேல் ஏறாது. பிறகு காசு கையில் வரும்போது சூவீட் ஹீட்டர் (தண்ணீரை ஒரே சூட்டில் வைத்துச் சமைக்கும் கருவி) வாங்கலாம். அது தண்ணீரைச் சுற்றவும் விடும்.

எந்த தெர்மாமீட்டரை நம்புவது என்பதுதான் பெரிய கேள்வி. மலிவான சமையல் தெர்மாமீட்டர் ஒன்றரை டிகிரி பொய் சொல்வது சகஜம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். அது 35-லிருந்து 42 வரை துல்லியமாகக் காட்டுவதற்கென்றே செய்தது, நமக்கு வேண்டிய இடமும் அதேதான். 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது சொல்லி வைத்தாற்போல் 37.8 செல்சியஸ். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் சேர்த்து நிறுத்தி, காய்ச்சல் தெர்மாமீட்டர் 100.0 காட்டும்போது சமையல் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் தொட்ட உச்ச அளவையே பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட வேண்டும். ரசாயனத்தில் அதை முக்க வேண்டாம்.

ஓட்டம் இப்படி: 39 டிகிரி தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம். இதைத் தவிர்க்கக் கூடாது. டேங்கும் ரீலும் சூடேறாவிட்டால் டெவலப்பர் உள்ளே போன கணமே ஒரு டிகிரி விழும். கொட்டும்போது அந்தத் தண்ணீர் பச்சையாகவோ நீலமாகவோ வரும், பயப்பட வேண்டாம், ஃபிலிமில் உள்ள சாயம். அடுத்து டெவலப்பர் 3:15. முதல் 10, 15 விநாடி விடாமல் கவிழ்த்து நிமிர்த்தி, டேங்கை இரண்டு தட்டுத் தட்டி, பிறகு அரை நிமிடத்துக்கு நாலு கவிழ்ப்பு. நடுவில் டேங்க் பெட்டித் தண்ணீருக்குள்ளேயே நிற்கட்டும். 3:05-க்கே ஊற்றி எடுக்கத் தொடங்குங்கள். காலியாக 10 விநாடி ஆகும்.

உடனே டெவலப்பர் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, அரை நிமிடம். கிட் தாளில் இது இருக்காது. ஆனால் டெவலப்பர் மிச்சம் ப்ளிக்ஸுக்குள் போகாமல் தடுக்கிறது, ப்ளிக்ஸ் நீடிக்கிறது. அதன் பிறகு ஒரு முறை வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். ப்ளிக்ஸுக்குள் புளிப்பு போய்ச் சேர வேண்டாம். ப்ளிக்ஸ் 8 நிமிடம், இரண்டு நிமிடம் கூடினாலும் தவறில்லை. வாயு கிளம்பி மூடியைத் தள்ளும்; முதல் கவிழ்ப்புக்குப் பிறகு மூடியை லேசாகத் திறந்து காற்றை விடாவிட்டால் சட்டையெல்லாம் ப்ளிக்ஸ். பிறகு ஐந்தாறு முறை தண்ணீர் மாற்றி 3 நிமிடம் அலசல்.

கடைசிக் கரைசலான ஸ்டெபிலைசரை டேங்கில் ஊற்ற வேண்டாம். ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றி, தனிக் கிண்ணத்தில் ஒரு நிமிடம் முக்கி அப்படியே தொங்கவிடுங்கள், பிறகு அலசக் கூடாது. ரீலோடு முக்கினால் பிசின்போல் ரீல் பள்ளத்தில் படிந்து, அடுத்த ரோல் பாதியில் சிக்கும். இதை விட்டுவிட்டு வெறும் தண்ணீரோடு முடிப்பதும் சரியில்லை. அதில் உள்ள பூஞ்சைத் தடுப்பு நம் ஊர் ஈரத்துக்கு வேண்டியிருக்கிறது.

தண்ணீர்: 1000 டிடிஎஸ் போர் தண்ணீரில் டெவலப்பர் கலக்காதீர்கள். டெவலப்பரில் கார்பனேட் நிறைய இருக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். டெவலப்பருக்கும் ஸ்டெபிலைசருக்கும் ஆர்ஓ கேன் தண்ணீர், நடு அலசலுக்கு மட்டும் போர் தண்ணீர்.

ரசாயனப்பெட்டி:

ப்ளிக்ஸா, தனித்தனியா என்ற கேள்விக்கு என் பதில்: 12 ரோல் கழுவி மொத்தத்தையும் கொட்டிவிடும் ஆளாக இருந்தால் ப்ளிக்ஸே போதும். வருடம் முழுக்கக் கழுவப் போகிறீர்கள் என்றால் தனித்தனிதான் மலிவு, முதல் செலவு கூடினாலும்.

காரணம் இது. ப்ளீச் வெள்ளியை ஆக்சிஜனேற்றம் செய்யும் சரக்கு. ஃபிக்ஸரில் இருக்கும் தயோசல்பேட் தானே ஆக்சிஜனேற்றம் ஆகிக் கெடும் சரக்கு. இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டால் ஃபிலிம் இல்லாமலேயே ஒன்றையொன்று தின்னும். கலந்த ப்ளிக்ஸ் ஓரிரு மாதத்தில் அடியில் கசடு விட்டு, கந்தக வாடை வந்து முடிந்துவிடும். தனி ப்ளீச் அப்படியல்ல. மினிலேப் (ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் கடை மெஷின்) வகை ப்ளீச்சை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். களைத்துப்போனால் மீன்தொட்டிக் காற்று மோட்டாரின் குழாயை உள்ளே விட்டு 20, 30 நிமிடம் குமிழி விடுங்கள், ப்ளீச்சில் உள்ள இரும்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டெவலப்பருக்கு எமன் எதுவோ அதுவே ப்ளீச்சுக்கு மருந்து. ப்ளிக்ஸுக்கு இந்த வைத்தியம் செய்யாதீர்கள். இரும்பு தேறும், தயோசல்பேட் போகும்.

ஃபிக்ஸரில் காசு மிச்சம் பிடிக்கலாம். அமோனியம் தயோசல்பேட் உள்ள எந்த ரேபிட் ஃபிக்ஸரும் ஆகும், நீங்கள் கறுப்பு-வெள்ளைக்கு வைத்திருப்பதே போதும், ஹார்டனர் (ஃபிலிம் படலத்தை இறுக்கும் சரக்கு) கலக்காததாக இருக்க வேண்டும். 38-ல் 6½ நிமிடம். பழைய ஹைப்போ பளிங்கு, அதாவது சோடியம் தயோசல்பேட், கலர் ஃபிலிமின் அயோடைடைக் கரைக்க ரொம்ப நேரம் எடுக்கும்; அதில் மிச்சம் பார்க்காதீர்கள்.

ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கலர் ஃபிலிம் துண்டைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது எப்போதும் மங்கலாகவே இருக்கும். மஞ்சள் வடிகட்டிப் படலத்திலும் அடிப்படலத்திலும் உள்ள வெள்ளி ப்ளீச் படாமல் போகாது. கறுப்பு-வெள்ளைத் துண்டைப் போடுங்கள். தெளிய ஆகும் நேரம் புது ஃபிக்ஸரில் ஆனதைவிட இரண்டு மடங்கானால் கொட்டிவிடலாம்.

ப்ளீச்சும் கிடைக்கவில்லை என்றால் பொட்டாசியம் ஃபெரிசயனைடு வழி இருக்கிறது. லிட்டருக்கு ஃபெரிசயனைடு 40 கிராம், சோடியம் புரோமைடு 25 கிராம். பொட்டாசியம் புரோமைடுதான் கையில் இருக்கிறது என்றால் 29 கிராம். மலிவு, வேகமும் அதிகம். ஆனால் ஃபிலிமில் துளி டெவலப்பர் மிச்சம் இருந்தாலும் ஃபெரிசயனைடு அதைப் பிடித்துச் சாயமாக மாற்றி, ரோல் முழுக்க இளஞ்சிவப்பு மூட்டம் போடும். எனவே ஸ்டாப் பாத் ஒரு நிமிடம், பிறகு மூன்று நாலு முறை தண்ணீர், அதற்குப் பிறகுதான் இது, 5 நிமிடம். அடுத்து மஞ்சள் நிறம் முற்றிலும் போகும்வரை அலசிவிட்டு ஃபிக்ஸர். இல்லையென்றால் ஃபிக்ஸர் அன்றே முடிந்தது. ஃபெரிசயனைடு பக்கத்தில் டாய்லெட் ஆசிட் மாதிரியான கடும் அமிலம் எதுவும் வரக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். பழைய கரைசலை டாய்லெட்டில் கொட்டுவதும் அதனால்தான் கூடாது.

மேகமூட்டம்200:

நன்றி, திரவக் கிட்டும் தனி ஃபிக்ஸரும் என்று முடிவு பண்ணிவிட்டேன். இரண்டு சந்தேகம். கழுவி எடுத்ததும் நெகடிவைப் பார்த்து எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சூடு தொல்லையே வேண்டாம் என்று 30 டிகிரியில் 8 நிமிடம் கழுவலாம் என்கிறார்களே, அது சரிவருமா?

பழைய மினிலேப்:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சில கிட் தாள்களிலேயே 30 டிகிரி நேரம் இருக்கிறது, படம் வரும். ஆனால் ஃபிலிமில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கென்று தனித்தனிப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் வளரும்படி 38-க்குத்தான் செய்திருக்கிறார்கள். சூடு குறைந்தால் மேல் படலத்துக்கும் அடிப் படலத்துக்கும் இடைவெளி விழும். நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சம் எதிர் நிறத்துக்கும் சாயும். மொத்தப் படமும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்கேனில் ஒரு ஸ்லைடரில் சரியாகும், இது ஆகாது. கெட்டில் வெந்நீரில் தீரும் வேலைக்கு இந்தச் சமரசம் எதற்கு?

இனி நெகடிவ். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபிலிம் ஓரத்தில் அச்சிட்ட எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். அது கம்பெனியிலேயே வெளிச்சம் காட்டி வைத்தது, உங்கள் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எழுத்து நன்றாக அழுத்தமாக இருந்து படம் மட்டும் இல்லை என்றால் ரோல் கேமராவில் ஓடவே இல்லை. எழுத்தும் இல்லை, வெறும் ஆரஞ்சு பட்டை என்றால் டெவலப்பர் செத்தது, அல்லது பாட்டில் மாறி ப்ளிக்ஸ் முதலில் போய்விட்டது. இரண்டாவதற்கு மருந்தே கிடையாது. அதனால்தான் பாட்டில் மூடிகளுக்கு வேறு வேறு நிறம் வைக்கச் சொல்வது. எழுத்தும் மங்கல், படமும் மங்கல் என்றால் சூடு குறைவு அல்லது டெவலப்பர் களைத்துவிட்டது. எழுத்து சரியாக, படம் மட்டும் மங்கலாக இருந்தால் எக்ஸ்போஷர் குறைவு, ரசாயனத்தைத் திட்டாதீர்கள்.

நெகடிவ் கனத்துப் பழுப்பேறி, நிறம் செத்து, பொரிப்பொரியாக ஸ்கேன் ஆனால் வெள்ளி உள்ளேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். ப்ளீச் பத்தவில்லை. இதில் இழப்பு எதுவும் இல்லை. வெளிச்சத்திலேயே மறுபடி ரீலில் ஏற்றி, புது ப்ளீச், ஃபிக்ஸர், அலசல், ஸ்டெபிலைசர் என்று ஓட்டினால் நிறம் திரும்பி வரும். பால் கலந்தாற்போல் மூட்டம் மட்டும் இருந்தால் ஃபிக்ஸர் பத்தவில்லை, ஃபிக்ஸரிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். காய்ந்த பிறகும் ஒரு வருடம் கழித்தும்கூட இதைச் செய்யலாம்.

நீள ஓரம் ஒன்றில் மட்டும் பட்டையாக மங்கல் என்றால் டேங்கில் அளவு குறைந்து ஃபிலிம் மேலே எட்டிப் பார்த்திருக்கிறது. பல் ஓட்டைகளிலிருந்து படத்துக்குள் கோடு கோடாக நீண்டால் கவிழ்ப்பு முரட்டுத்தனம். பிறை வடிவ அடையாளம் ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியதால் வருவது. வியர்வைக் கையோடு சேஞ்சிங் பேக்கில் மல்லுக்கட்டினால் இதுதான். ஃபிலிம் முனையின் இரண்டு மூலையையும் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட்டு, முந்தின நாளே காயவைத்த ரீலில் ஏற்றுங்கள்.

டெவலப்பர் நிலையைக் கவனிக்க இன்னொன்று: முதல் ரோலின் லீடர் (கேமராவில் மாட்டும் முனை) துண்டை வெட்டி நோட்டில் ஒட்டி வையுங்கள், முழுக்க வெளிச்சம் பட்டுக் கறுத்த பகுதி. ஒவ்வொரு ரோலின் லீடரையும் அதோடு சேர்த்து ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பாட்டிலில் அடுத்த ரோல் போட வேண்டாம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபிலிம் சாயத்தால் டெவலப்பர் ரோஸ் ஆவது சாதாரணம், கறுத்த டீ நிறத்துக்கு வந்தால்தான் ஆபத்து.

துளிக்கணக்கு:

மேலே விட்டுப்போன ஒன்று. டெவலப்பரில் ப்ளிக்ஸ் சில துளி விழுந்தாலும் பாட்டில் முழுக்கக் கொட்ட வேண்டியதுதான். ஒரே புனல், ஒரே ஜாடி வேண்டாம். டேங்க் மூடியின் உள்பக்கப் பள்ளத்தில் ப்ளிக்ஸ் ஒளிந்திருக்கும், இரண்டு ரோலுக்கு நடுவில் அதைத் தனியாகக் கழுவுங்கள்.

ரசாயனப்பெட்டி:

நாமே டெவலப்பர் கலப்பது பற்றி யாரும் தொடவில்லை. ஒரு லிட்டருக்கு: பொட்டாசியம் கார்பனேட் 37.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 4.25 கிராம், பொட்டாசியம் புரோமைடு 1.5 கிராம், பொட்டாசியம் அயோடைடு 1.2 மில்லிகிராம், ஹைட்ராக்சிலமீன் சல்ஃபேட் 2.4 கிராம், சிடி-4 (கலர் டெவலப்பரின் மூல ரசாயனம்) 4.75 கிராம். 800 மி.லி. வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணீரில் இதே வரிசையில், ஒன்று முழுக்கக் கரைந்த பிறகு அடுத்தது. சிடி-4 கடைசியில், குலுக்காமல் மெதுவாகக் கிளறி. பிறகு லிட்டருக்கு நிரப்புங்கள்.

1.2 மில்லிகிராமை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. ஒரு கிராம் அயோடைடை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்தால் 1 மி.லி.-ல் 1 மில்லிகிராம் இருக்கும், சிரிஞ்சில் 1.2 மி.லி. எடுத்தால் முடிந்தது. மற்றவற்றுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு கட்டாயம். பிஎச் 10.0-க்கும் 10.1-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பேனா மாதிரி வரும் மீட்டரை அதோடு வரும் 9.18 பஃபரில் அன்றைக்கே சரிபார்த்துவிட்டு அளக்கவும். கூடினால் ஒரு சிட்டிகை பொட்டாசியம் பைகார்பனேட், குறைந்தால் காஸ்டிக் சோடா கரைசல் சொட்டுச் சொட்டாக.

செலவில் பெரும்பங்கு சிடி-4. 100 கிராம் வாங்கினால் 21 லிட்டர் வரும். மற்றவை எல்லாம் கெமிக்கல் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் சரக்கு. மாதம் 4 ரோலுக்கு இது தேவையா என்றால், இல்லை. தராசு, மீட்டர், அரைப் பாட்டில்களாகக் கிடக்கும் பொடிகள் எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் மிச்சமே வராது. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் அர்த்தம் உண்டு. அப்போது இன்னொரு லாபம்: 300 மி.லி. மட்டும் கலந்து ஒரு ரோல் கழுவிக் கொட்டிவிடலாம். பழைய கரைசல், கூட்டும் விநாடி என்ற தலைவலியே இல்லை, ஒவ்வொரு ரோலும் ஒரே மாதிரி வரும்.

சிடி-4 தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வந்து, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் வரும். நைட்ரைல் கையுறை, பொடி நிறுக்கும்போது முகமூடி, ஃபேனை அணைத்து. சமையலறை வேண்டவே வேண்டாம்.

நடுஇரவு ரீல்:

மூடப்பட்ட மினிலேபிலிருந்து டெவலப்பர் ரெப்ளெனிஷர் (ஓடும் டேங்கில் அவ்வப்போது சேர்க்கும் கரைசல்) மலிவாகக் கிடைக்கிறது. அதையே கலந்து ஊற்றலாமா? அப்புறம் சினிமா ஃபிலிமைச் சுற்றி விற்கும் ரோலை இதில் கழுவலாமா?

பழைய மினிலேப்:

ரெப்ளெனிஷரை அப்படியே ஊற்றக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் ஃபிலிமிலிருந்து கசிந்த புரோமைடு ஏற்கெனவே இருக்கும் என்ற கணக்கில் செய்தது அது. தனியாகப் பயன்படுத்தினால் வேகம் கூடி, மூட்டமும் கான்ட்ராஸ்டும் ஏறும். அந்தக் குறையை ஈடுகட்டும் அதே வரிசையின் ஸ்டார்ட்டர் பாட்டிலும் சேர்த்து வாங்கி, லேபிளில் உள்ள அளவில் கலந்தால் அதைவிட மலிவான கிட் கிடையாது. ஏ, பி, சி பாகங்களை நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றாமல், ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுங்கள். தேதி கடந்த பெட்டி என்றால் சிடி-4 உள்ள பாகத்தை முதலில் பாருங்கள்; கருத்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ப்ளீச், ஃபிக்ஸர் தேதி கடந்தாலும் பெரும்பாலும் ஓடும்.

சினிமா ஃபிலிமின் முறை ஈசிஎன்-2, டெவலப்பரும் வேறு, சிடி-3. சி-41-ல் கழுவினால் படம் வரும், கான்ட்ராஸ்ட் கூடும், அவ்வளவுதான். முதுகில் ரெம்ஜெட் என்ற கறுப்புப் பூச்சு இருந்தால்தான் வம்பு. புதிதாக வரும் சிலவற்றில் அது இல்லை, விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் டெவலப்பருக்கு முன்னால், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்த 38 டிகிரி தண்ணீரை ஊற்றி அரை நிமிடம் பலமாகக் குலுக்கிக் கொட்டுங்கள், மை மாதிரி வரும். தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டு டெவலப்பர். கடைசி அலசலில் முதுகுப் பக்கத்தை மட்டும் ஈர மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். படப் பக்கம் துணி படக் கூடாது. இந்த ரோலை மற்ற ரோல்களோடு ஒரே டேங்கில் போடாதீர்கள், அந்தக் கறுப்புத் துகள் அவற்றின் மேலும் ஒட்டும். வெளி லேபுக்குச் சொல்லாமல் அனுப்புவது இன்னும் மோசம், அவர்கள் மெஷினே கெடும்.

மேகமூட்டம்200:

கடைசியாக, தீர்ந்துபோன ஃபிக்ஸரை என்ன செய்வது? வீட்டில் செப்டிக் டேங்க்தான்.

ரசாயனப்பெட்டி:

செப்டிக் டேங்கில் வேண்டாம், வெள்ளி அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும். செடிக்கும் வேண்டாம். தனிக் கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்-ரே சென்டர்களிலிருந்து பழைய ஹைப்போ வாங்கி வெள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஸ்கேன் சென்டரில் யார் வந்து எடுக்கிறார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். 5 லிட்டர் சேர்ந்த பிறகு கேளுங்கள், அரை லிட்டருக்கு யாரும் வரமாட்டார்கள். கேனில் ஃபிக்ஸர் மட்டும் இருக்கட்டும், ப்ளீச்சை அதில் கலந்துவிடாதீர்கள், பிறகு வெள்ளியைப் பிரிப்பது கஷ்டம், வாங்க யோசிப்பார்கள்.